அப்பாயியின் பாட்டோடு வந்த சகோதரிக்கு

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 56. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். 1991இல் திருமணமாகிச் சிங்கப்பூர் வந்தேன். பாலர் பள்ளியில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது பகுதிநேரமாகப் போய்வருகிறேன். என் அப்பாயி எங்கள் தோட்டத்தில் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் பெயர் பெற்றவர். பிள்ளை பிறந்த வீட்டுக்கும் சாவு விழுந்த வீட்டுக்கும் அவரைத்தான் அழைப்பார்கள். அந்தப் பாட்டுகள் என் காதிலேயே இருந்ததால், எட்டு மாதத்துக்கு முன் சமூக மன்றத்தில் நாட்டுப்புறப் பாட்டுக் குழு ஒன்றில் சேர்ந்தேன். மேலே எடுத்தால் குரல் உடைகிறது. பயிற்றுவிப்பவர் என் மகன் வயதுக்காரர். "இழுக்காமல் நேராகப் பாடுங்கள்" என்கிறார். முதலில் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டு வரவேண்டுமா? ஏப்ரலில் தமிழ் மொழி விழா நிகழ்ச்சி ஒன்றில் மூன்று நிமிடம் பாடச் சொல்கிறார்கள். கீபோர்டில் பதிவுசெய்த பின்னணி இசைக்கு ஏற்பப் பாட வேண்டுமாம். வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது, இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று மகள் கோபித்துக்கொள்கிறாள். அப்பாயியின் தாலாட்டு ஒன்றில் மூன்றாவது கண்ணி எனக்கு மறந்தே போய்விட்டது. அது தெரிந்த ஒரே ஆள் குளுவாங்கில் இருக்கும் என் அத்தை. அவருக்கு 84 வயது. நான் மிகவும் தாமதமாக வந்துவிட்டேனா, அக்கா?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். 84 வயது அத்தையைக் கடிதத்தின் அடியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர்தான் முதலில். குரல், சுருதி, மேடை எல்லாம் இரண்டு மாதம் காத்திருக்கும்.

ஏன் இப்படி அவசரப்படுத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் செம்பவாங் கடற்படைத் தளத்துத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவள். அம்மாவுக்கு மன்னார்குடிப் பக்கம். நடவுப் பாட்டும் கும்மியும் தாலாட்டும் அவருக்கு மூச்சு விடுவது போல. துணி துவைக்கும்போது ஒரு பாட்டு, மாவாட்டும்போது ஒரு பாட்டு. வீட்டில் குழாய் இருப்பதுபோல அம்மாவின் பாட்டும் இருந்தது. திறந்தால் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மின்னணுச் சாதனத் தொழிற்சாலையில் இருபத்தைந்து ஆண்டுகள் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே பற்றவைப்புச் சரிபார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, பாட்டைப் பற்றி நினைக்க நேரமும் இல்லை.

2005இல் அம்மா இறந்தார். எனக்கு 47 வயது. காரியம் முடிந்து அலமாரியை ஒதுங்கவைத்தபோது ஓர் ஒலிநாடா கிடைத்தது. அம்மா "ஆராரோ" என்று எடுக்கிறார். பின்னால் வாளியில் தண்ணீர் விழும் ஓசை கேட்கிறது. தாய்மாமன் வெள்ளிக் காப்பு வாங்கிவரும் இடம் வருகிறது. அங்கே அறுந்து, வானொலிச் செய்தி தொடங்குகிறது. சின்னப் பையனாக இருந்த என் தம்பி எதையோ பதிவுசெய்வதற்காக அதன்மேலேயே பொத்தானை அழுத்தியிருக்கிறான். நாற்பது விநாடிதான் மிஞ்சியது. அம்மாவுக்குத் தெரிந்த நூற்றுக்கணக்கான பாட்டுகளில் அவர் குரலில் என்னிடம் இருப்பது அந்த நாற்பது விநாடி. நான் பாட வந்தது அதற்குப் பிறகுதான். கலை ஆர்வம் என்று பிறர் சொல்வார்கள். எனக்கு அது கடன்.

ஆகவே குளுவாங்குக்குப் போங்கள். போகும்போது கைப்பேசியில் இடம் காலி செய்துகொண்டு போங்கள். அத்தையின் வீட்டில் மின்விசிறியை நிறுத்துங்கள்; கேட்பதற்கு மெல்லிய சத்தம், பதிவில் அது பெருங்காற்று. கால் மணி நேரம் வியர்த்தால் ஒன்றும் ஆகாது. கைப்பேசியை மேசைமேல் மடித்த துண்டில், அத்தையிடமிருந்து ஒரு கை நீளத் தூரத்தில் வையுங்கள். அழைப்பு வராமல் அடைத்துவிடுங்கள். முதலில் உங்கள் குரலில் நாள், ஊர், அத்தையின் பெயர், அவர் யாரிடமிருந்து கற்றார் என்பதைச் சொல்லுங்கள். பத்து ஆண்டு கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு அது இல்லாவிட்டால் பாட்டு அநாதையாகிவிடும். சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இல் தொடங்கியது முதல் பேட்டிகளைப் பதிவுசெய்து, யார், எங்கே, எப்போது என்ற விவரத்தோடுதான் சேமித்துவருகிறது. நம் வீட்டுப் பாட்டுக்கும் அந்த மரியாதையைக் கொடுப்போம்.

"அந்த மூன்றாவது கண்ணியைச் சொல்லுங்கள் அத்தை" என்று கேட்காதீர்கள். கேட்டால் வராது. இந்தப் பாட்டுகள் நாக்கில் மட்டும் இருப்பவை அல்ல; கையிலும் காலிலும் இருப்பவை. என் மாணவி ஒருவர் தன் பெரியம்மாவிடம் அரை மணி நேரம் கேட்டும் ஒரு சொல்கூட வரவில்லை. பிறகு ஒரு தலையணையைத் துணியில் சுற்றி அவர் மடியில் வைத்தார். பெரியம்மா அதைக் குனிந்து பார்த்தார், கால்களை நீட்டிப் போட்டுக்கொண்டார், முழங்கால் மெல்ல ஆடத் தொடங்கியது. பாட்டு தானாக வந்தது. உங்கள் அத்தையிடம் லயத்து வீட்டை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டைப் பற்றிக் கேளுங்கள். விடிவதற்கு முன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடும்போது பிள்ளையை யார் தூக்கிப் போனார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் தொட்டில் எந்தக் கம்பில் தொங்கியது, ரப்பர் பால் பிடிக்கும் மங்கைக் கழுவி அடுக்கியது யார் என்று கேளுங்கள். கண்ணி அந்தப் பேச்சுக்கு நடுவே எழுந்து வரும்.

அத்தை பாடும்போது இடையில் புகுந்து திருத்தவும் வேண்டாம். உங்கள் நினைவில் "மாமன்" என்று இருக்கும் இடத்தில் அவர் "பாட்டன்" என்று பாடலாம். மெட்டும் வேறாக இருக்கலாம். எது சரி என்ற வழக்கை அங்கே தொடங்காதீர்கள்.

இனி அந்த இளைஞர் சொன்ன "நேராகப் பாடுங்கள்" என்ற பேச்சுக்கு வருகிறேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பத்துப் பன்னிரண்டு பேரை ஒரே குரலாக ஒலிக்கவைக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு. அதற்கு எல்லாரும் ஒரே இடத்தில் நின்று ஒரே இடத்தில் இறங்கியாக வேண்டும். குழுப் பாட்டில் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் உங்கள் அப்பாயியின் பாட்டை அந்த அளவுகோலால் அளக்க விடாதீர்கள். ஒப்பாரி உச்சியில் தொடங்கிச் சரிந்து இறங்கும். அந்தச் சரிவில் இரண்டு சுரங்களுக்கு இடையே கீபோர்டில் விசையே இல்லாத இடங்கள் இருக்கின்றன. அழுகை அங்கேதான் இருக்கிறது. அதை நேராக்கினால் மிஞ்சுவது வெறும் சொல்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலிசபெத் காட்டன் என்று அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண்மணி இருந்தார். வட கரோலைனாக்காரர். சிறுமியாக இருந்தபோது தானாகவே கிதார் கற்றார். இடக்கைப் பழக்கம். வலக்கைக்காரருக்கான கிதாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். அதனால் மற்றவர்கள் கட்டைவிரலால் வாசிக்கும் அடிநாதத்தை அவர் விரல்களால் வாசித்தார். விரல்களால் வாசிக்கும் மெட்டைக் கட்டைவிரலால் வாசித்தார். திருமணம், குழந்தை, தேவாலயம் என்று ஆனபின் கிதாரையே விட்டுவிட்டார். பல பத்தாண்டுகள் வீட்டு வேலை. வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது, தொலைந்துபோன ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். அது நாட்டுப்புற இசையில் ஊறிய சீகர் குடும்பம். பிறகு அந்த வீட்டிலேயே வேலைக்குப் போனார். சுவரில் தொங்கிய கிதாரை ஒருநாள் எடுத்து வாசித்தபோதுதான் அவருக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது. அந்த வீட்டு மகன் மைக் சீகர், காட்டனின் வீட்டுக்கே ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுபோய்ப் பதிவுசெய்தார். முதல் இசைத்தட்டு 1958இல் வந்தது. அப்போது அவருக்கு அறுபதுக்கு மேல். கிராமி விருது கிடைத்தபோது தொண்ணூறை எட்டியிருந்தார். தலைகீழாகப் பிடித்த அந்த வாசிப்புக்கு இன்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். வலக்கைக்காரர்களும் உட்கார்ந்து அதைப் பழகுகிறார்கள். சிறு வயதில் யாராவது ஆசிரியர் கிதாரைப் பிடுங்கி நேராகத் திருப்பிக் கொடுத்திருந்தால் அது நடந்திருக்காது.

நம் பக்கத்திலும் பாருங்கள். கேரளத்து அட்டப்பாடியில் ஆடு மாடு மேய்த்த இருளர் பழங்குடிப் பெண் நஞ்சியம்மாவுக்கு 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. அறுபதைத் தாண்டியவர். கொடுத்த சுருதிக்கு அவரால் பாட முடியுமா என்று சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு நன்றாகத் தெரியும். ஐம்பது வயதில் நான் முதன்முதலாக ஒரு போட்டியில் பாடியபோது, நடுவர் ஒருவர் ஒலிவாங்கியிலேயே "கிராமத்து வாடை போகவில்லை" என்றார். அன்று இரவு பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். பிறகு ஓராண்டு என் அம்மாவின் நெளிவுகளையெல்லாம் உதறிவிட்டுப் பாடினேன். பாராட்டினார்கள். ஒருநாள் அந்த நாற்பது விநாடியை மறுபடியும் போட்டுக் கேட்டேன். நான் பாடிக்கொண்டிருந்தது அம்மாவின் பாட்டே இல்லை. அந்த ஓராண்டை எனக்கு யாரும் திருப்பித் தர முடியாது. உங்களுக்கு அப்படி ஓர் ஆண்டு போகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்ளலாமா என்றால், தாராளமாக. தொடக்கப் பாடமான சரளி வரிசை மூச்சைப் பழக்கும், காதைக் கூர்மையாக்கும். புன்னாகவராளி, செஞ்சுருட்டி, குறிஞ்சி போன்ற ராகங்களில் நம் நாட்டுப்புற மெட்டுகளின் சாயலைக் கேட்கும்போது ஓர் ஊர்க்காரரை வெளியூரில் பார்த்த மகிழ்ச்சி வரும். ஆனால் அத்தையின் பாட்டையும் உங்களுக்கு இப்போது நினைவிருக்கும் பாட்டுகளையும் பதிவுசெய்து முடித்த பிறகு போங்கள். முதலில் போனால் பயிற்சி உங்கள் நினைவையும் சேர்த்துத் திருத்திவிடும்.

குரல் உடைவதற்கு வயது ஒரு காரணம்தான். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல்நாண்கள் சற்றுத் தடித்து வறளும். குரல் கீழே இறங்கும், மேல் எல்லை குறையும். அதோடு, பாலர் பள்ளியில் இத்தனை ஆண்டுகள் பிள்ளைகளை உச்சத்தில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்த தொண்டை உங்களுடையது. இது நோய் இல்லை. பெண்கள் என்றாலே சுருதி ஐந்து, ஐந்தரைக் கட்டை என்று குழுவில் வைத்திருப்பார்கள். கட்டை எண் கூடக் கூடச் சுருதி உயரும். உங்களுக்கு அது இப்போது உயரம். கைப்பேசியில் தம்பூராச் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு நான்கு கட்டையில் பாடிப் பாருங்கள். பாட்டின் மிக உயரமான இடத்தைக் கண்ணாடி முன் நின்று பாடுங்கள். கழுத்து நரம்பு புடைத்தால் மூன்றுக்கு இறங்குங்கள், இரண்டரைக்கும் இறங்கலாம். நம் நாட்டுப்புறப் பாட்டுகள் பெரும்பாலும் ஐந்தாறு சுரத்துக்குள்ளேயே நடமாடுபவை, அதனால் கீழே இடம் போதாமல் போகாது. நான் இப்போது மூன்று கட்டையில்தான் பாடுகிறேன். இந்தத் தாழ்ந்த குரல்தான் ஒப்பாரிக்குப் பொருந்துகிறது. இருபது வயதில் எனக்கு இது வாய்த்திருக்காது.

பாடுவதற்கு முன் ஒரு பயிற்சி. குவளையில் இரண்டு விரற்கடை தண்ணீர் எடுத்து, அதில் ஓர் உறிஞ்சுகுழாயை வைத்து, வாயை மூடிக்கொண்டு குழாய்வழியாக "ஊ" என்று நாதம் விடுங்கள். தண்ணீர் குமிழியிடும். குமிழிகள் ஒரே சீராக வரவேண்டும். விட்டுவிட்டுத் தெறித்தால் மூச்சைத் திணிக்கிறீர்கள் என்று பொருள். கீழிருந்து மேலாக, மேலிருந்து கீழாக மெதுவாக வழுக்கிப் போங்கள். மூன்று நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதாமல் மெல்லச் சேர இது பழக்கும். அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டாருக்கும் கேட்காது. குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பலதுறை மருந்தகத்துக்குப் போய், காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

மகளின் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். என் அம்மாவும் கூரைக்குக் கீழே ஒப்பாரி எடுக்கமாட்டார். கேட்டால் குடியிருப்புக்குப் பின்னால் மரத்தடிக்குப் போய், தரையில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு பாடிக்காட்டுவார். முடித்ததும் முகம் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அது பாட்டுக்கு அவர் கொடுத்த மரியாதை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இன்றும் ஒப்பாரி வகுப்பை நான் வீட்டில் நடத்துவதில்லை. செம்பவாங் பூங்காக் கடற்கரையில் காலை நேரத்தில் உட்காருகிறோம். உட்லண்ட்ஸிலிருந்து உங்களுக்கும் பக்கம்தான். வீட்டில் தாலாட்டு, வெளியே ஒப்பாரி என்று மகளிடம் சொல்லுங்கள். அவள் பிறந்தபோது அப்பாயியின் தாலாட்டை அவளுக்குப் பாடினீர்கள் அல்லவா? அதை ஒருமுறை பாடிக் காட்டுங்கள். "இந்த வயதில் எதற்கு" என்ற கேள்விக்கு நான் இங்கிருந்து எழுதும் பதிலைவிட அது நன்றாக இருக்கும்.

ஒப்பாரி எங்கே தேவைப்படும் என்பதை முன்கூட்டித் திட்டமிட முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த தோழி இறந்தார். புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடாரம். ஒலிபெருக்கியில் தேவாரம் ஓடிக்கொண்டிருந்தது. மண்டாய்த் தகனச் சாலைக்கு எடுத்துப்போகும் நேரம் நெருங்க, அவர் மகன் என்னிடம் வந்து, "அக்கா, அம்மா உங்கள் பாட்டைப் பற்றிச் சொல்வார்" என்றான். ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். நான் எடுத்தேன். இரண்டாவது அடியில் பின்னாலிருந்து ஒரு முதிய குரல் சேர்ந்தது, அதன் பின் இன்னொன்று. அவர்கள் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லாருக்கும் அந்தப் பாட்டு தெரிந்திருந்தது. தொடங்கத்தான் ஆளில்லாமல் இருந்தது.

ஏப்ரல் மேடையில் தாலாட்டையே பாடுங்கள். பின்னணி இசை வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள், கடைசி வாரத்தில் சொன்னால் சங்கடம். அந்தப் பதிவு உங்களுக்கு உயரமான சுருதியில் இருக்கும், உங்கள் இழுப்புக்குக் காத்திருக்கவும் காத்திருக்காது. தாலாட்டுக்குத் தாளம் தொட்டிலின் ஆட்டம்தான். அது குழந்தை உறங்க உறங்க மெதுவாகும். தம்பூரா ஒலி தாழ்வாக இருந்தால் போதும். ஏற்பாட்டாளர்கள் தயங்கினால், உங்கள் இளைஞரையே பேசச் சொல்லுங்கள். அவர் ஒருமுறை நீங்கள் தனியாகப் பாடிக் கேட்டுவிட்டால் உங்கள் பக்கம் வந்துவிடுவார் என்று நம்புகிறேன். மகன் வயதுக்காரர் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுக்க உங்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; நான் சொல்லிவிடுகிறேன். பகுதிநேர வேலையை விடாதீர்கள். இதில் வண்டிச் செலவுக்கு வந்தால் பெரிது.

தாமதமா என்று கேட்டீர்கள். அம்மாவின் விஷயத்தில் நான் தாமதமாக வந்தவள். உங்களுக்கு அத்தை இருக்கிறார்.

பள்ளி விடுமுறைக்காகக் காத்திருக்காமல், வருகிற சனிக்கிழமை விடிவதற்கு முன்னே ஜொகூர் பாலத்தைத் தாண்டிவிடுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும். மகளையும் கூப்பிடுங்கள், வந்தால் கைப்பேசியை அவள் பிடித்துக்கொள்ளட்டும். மடியில் வைக்க ஒரு தலையணை, ஒரு பழைய சேலை. கண்ணி கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா